முடிச்சில்லாத போர்வை

வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு ஒழுங்கை போய் முடிகிற இடத்தில் ரயில் பாதை, அதைத் தாண்டினால் கடல். உப்புக் காற்றுப் பட்டு எங்கள் யன்னல் கம்பிகள் வருஷம் முழுக்கத் துருப்பிடித்துக்கொண்டே இருந்தன. அப்படியிருந்தும் மார்கழி விடுமுறை வந்தால் அப்பா கந்தோரில் லீவு போட்டு, எங்களை வெள்ளவத்தை ஸ்டேஷனில் கோச்சியில் ஏற்றி, கடல் பார்க்கக் கூட்டிக்கொண்டு போவார். பெந்தோட்டைப் பக்கம் அவருடைய திணைக்களத்துக்கு ஒரு விடுமுறைப் பங்களா இருந்தது. வீட்டுக்குப் பக்கத்தில் கிடப்பதெல்லாம் கடலாகாது, லீவு எடுத்துப் போய்ப் பார்ப்பதுதான் கடல் என்பது அவருடைய கட்சி.

அம்மாவின் பைத்தியம் வேறு. அவர் துண்டுத் துணிகளைப் பொருத்திப் போர்வை தைப்பார். கொழும்பு வெக்கையில் போர்வைக்கு என்ன வேலை என்று யாரும் கேட்கலாம், அப்பா அடிக்கடி கேட்டார். போர்த்துக்கொள்ள ஆள் இல்லாததால் எங்கள் வீட்டில் மேசை கதிரைகள் போர்த்துக்கொண்டன, டிரங்குப் பெட்டி போர்த்துக்கொண்டது, ரேடியோவும் போர்த்துக்கொண்டது. ரேடியோவுக்குத் தடிமன் காய்ச்சல் பிடிக்காது என்று அப்பா சொல்லிப் பார்த்தார். அம்மா காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இந்தப் பைத்தியத்துக்கு அம்மாவுக்கு ஒரு கூட்டாளி இருந்தார். அவரைக் கொட்டாஞ்சேனை அன்ரி என்போம். இருவரும் சிநேகிதமானதே ஒரு சண்டையில்தான். மருதானையில் ஒரு தையற்கடையில் வெட்டி மிஞ்சும் துண்டுகளைச் சாக்கில் கட்டி வைத்திருப்பார்கள். ஒரு நாள் அந்தச் சாக்கின் ஒரு காதை அம்மாவும் மறு காதை அன்ரியும் பிடித்துக்கொண்டார்களாம். இருவரும் மாறி மாறிச் சிங்களத்தில் கடைக்காரரிடம் நியாயம் கேட்டு, கடைசியில் இருவரும் தமிழ் என்று தெரிந்ததும் சாக்கை அங்கேயே தரையில் கொட்டிப் பங்கு பிரித்தார்கள். அன்று தொடங்கியது.

அன்ரி சனிக்கிழமைகளில் வருவார். அதற்கும் காரணம் உண்டு. வெள்ளிக்கிழமை அம்மா மீன் தொடமாட்டார், கத்தோலிக்க வேதக்கார வீட்டில் பிறந்த அன்ரி வெள்ளிக்கிழமைதான் கட்டாயம் மீன் சாப்பிடுவார். ஆகவே சண்டை சச்சரவு இல்லாத சனிக்கிழமை. மத்தியானம் சாப்பிட்டதும் பாயை விரித்து, எதிரெதிரே குந்தி, ஒரே போர்வையை இரண்டு பக்கத்தில் இருந்தும் தைத்துக்கொண்டு வருவார்கள். நடுவில் சந்திக்கும்போது விளக்கு வைக்கிற நேரமாகிவிடும்.

இருவருடைய தையலையும் எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியும். அம்மாவினது பொடித் தையல், இறுக்கமானது. அன்ரியினது கொஞ்சம் நீளமாக, இளகினாற்போல இருக்கும், ஆனால் ஒன்றுக்கொன்று மயிரிழை வித்தியாசம் இராது. இன்னொரு வித்தியாசமும் உண்டு. நூல் முடிகிற இடத்தில் அம்மா முடிச்சுப் போடுவார். அன்ரி முடிச்சே போடமாட்டார். கடைசித் தையலின் மேலேயே இரண்டு மூன்று தரம் திரும்பத் தைத்து நூலை வெட்டிவிடுவார். துணியில் முடிச்சு இருந்தால் படுக்கிறவருக்கு முதுகில் குத்தும் என்பார். எங்கள் வீட்டு ரேடியோவுக்கு முதுகு இல்லை என்று அம்மா பதில் சொல்வார். அம்மாவின் கை அந்தப் பழக்கத்தை விடவே இல்லை.

நான் சொல்ல வந்த வருஷம் தைத்த போர்வை ரேடியோவுக்கு அல்ல. அன்ரி கல்யாணம் செய்யாதவர். செத்துப்போன தங்கையின் மகளைத் தன் மகளாகவே வளர்த்துக் கட்டிக்கொடுத்திருந்தார். அந்தப் பெறாமகளுக்குத் தலைப்பிள்ளை பிறக்க இருந்தது. பிள்ளையைக் கிடத்த ஒரு போர்வை தைக்கவேண்டும், அதில் பாதியாவது தன் கையால் தைத்ததாக இருக்கவேண்டும் என்று அன்ரி ஒற்றைக் காலில் நின்றார். மேலே துண்டுத் துணி, உள்ளே அம்மாவின் பழைய வொயில் சேலை, அடியில் வெள்ளைப் பருத்தி. மூன்றையும் சேர்த்து வரி வரியாக நூலோட்ட வேண்டும். மார்கழி வந்தும் வேலை முடியவில்லை. அதனால் அந்த வருஷம் எங்கள் குடும்ப விடுமுறைக்கு அன்ரியும் வந்தார், போர்வையும் வந்தது. பொட்டலத்தை அப்பா சுமந்தார். கடலுக்குக் குளிருமோ என்று ஸ்டேஷன் வரைக்கும் கேட்டுக்கொண்டே வந்தார்.

காலையில் அப்பாவும் நானும் அன்ரியும் கடலில் குளிக்கப் போவோம். அன்ரி கணுக்கால் வரை நீண்ட கவுணோடு அலைக்குள் இறங்கி, என் கையை இறுக்கிப் பிடித்துக்கொள்வார். எனக்குப் பயமாக இருக்கும் என்று பிடிக்கிறார் என நினைத்தேன். அம்மா குளிக்க வரமாட்டார். உப்புத் தண்ணீர் தலைமயிருக்குக் கூடாதாம்.

இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ தலை துவட்டத் துவாய் எடுக்க நான் மட்டும் பங்களாவுக்குத் திரும்பி ஓடினேன். விறாந்தையில் அம்மா போர்வையை மடியில் போட்டுக்கொண்டு இருந்தார். கையில் அப்பாவின் சவர பிளேட். அன்ரி முதல் நாள் பின்னேரம் முழுக்க இருந்து தைத்த வரிகளை வெட்டிப் பிரித்துக்கொண்டிருந்தார். நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். அம்மா திடுக்கிட்டார், பிறகு சுதாரித்துக்கொண்டார்.

“அன்ரிக்குச் சொல்லக்கூடாது. சொன்னியோ, நாளைக்குக் கடலுக்கு விடமாட்டன்.”

கடல் எனக்கு முக்கியம். வாயை மூடிக்கொண்டேன். ஆனால் மனதுக்குள் அம்மாவைப் பற்றி நல்ல அபிப்பிராயம் இருக்கவில்லை. அன்ரியின் தையலை எல்லோரும் புகழ்கிறார்கள், அம்மாவால் பொறுக்க முடியவில்லை என்று முடிவு கட்டினேன். பிரிக்காமல் கிடந்த ஒரு வரியையும் அப்போது பார்த்தேன். தைப்பதற்கு வரைந்த சோக்குக் கோட்டை விட்டுத் தையல் வெளியே போயிருந்தது, ஒன்று விரல் நீளம், அடுத்தது நெல்மணி அளவு. அன்ரி கவனமில்லாமல் தைத்திருக்கிறார் என்று தோன்றியதே தவிர வேறொன்றும் தோன்றவில்லை. நீரிழிவு, அந்தச் சீனி வருத்தம், அவருடைய கண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டிருந்தது. அதை அவர் யாருக்கும் சொல்லவில்லை. அம்மாவுக்கு அதைத் தையல் சொல்லிவிட்டது.

அம்மா பிரித்த வரிகளைத் திரும்பத் தைத்தார். தன் பொடித் தையலில் அல்ல. அன்ரியின் பழைய தையலைப் போலவே, அதே நீளத்தில், அதே இளக்கத்தில். நாங்கள் குளித்து வருவதற்குள் முடித்து, போர்வையை முன்பு இருந்த மாதிரியே மடித்துக் கதிரையில் வைத்துவிடுவார். ஒவ்வொரு காலையும் இது நடந்தது. அம்மாவை எனக்குத் தெரியும், தான் செய்த காரியத்தில் அவருக்கு ஒரு பெருமையும் இருந்தது.

கடைசி நாள் பின்னேரம் அன்ரி விறாந்தையில் இருந்து போர்வையின் அடிப்பக்கத்தில் விரலை ஓட்டிக்கொண்டு வந்தார். ஒரு வரியின் முடிவில் விரல் நின்றது. நகத்தால் அந்த இடத்தை மெல்லச் சுரண்டினார். அடுத்த வரிக்குப் போனார். அதன் முடிவிலும் விரல் நின்றது.

“இந்த வரியெல்லாம் நான் தச்சதா தங்கச்சி?”

“ஓம் அக்கா. நேற்றுப் பின்னேரம் நீங்கள் தைச்சதுதான்.”

அன்ரி அந்த முடிவை இன்னொரு தரம் விரலால் தடவினார். பிறகு, “நல்லாத்தான் வந்திருக்கு” என்றார்.

அம்மாவின் முகத்தில் வெற்றி தெரிந்தது. அப்பா பேப்பரில் இருந்து தலையைத் தூக்கி இரண்டு பேரையும் பார்த்துவிட்டு மறுபடி பேப்பருக்குள் போனார்.

திரும்பி வருகிற கோச்சியில் அம்மா யன்னலோடு சாய்ந்து நித்திரையாகிவிட்டார். அப்பா களுத்துறை தாண்டுமுன்பே குறட்டை. அன்ரி என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு இருத்தி, போர்வையை மடியில் விரித்தார். வரியின் முடிவை விரலால் தேடிப் பிடித்து, முடிச்சைக் கிள்ளி எடுத்து, இரண்டு தையல் பின்னுக்குப் பிரித்து, அந்த நூல் நுனியை என்னிடம் நீட்டினார்.

“கோச்சி ஆடுது மகள், ஊசியில கோத்துத் தாங்க. அம்மாவ எழுப்பிடாதீங்க.”

நான் கோத்துக் கொடுத்தேன். அன்ரி துணியைப் பார்க்கவே இல்லை. முகத்தை யன்னல் பக்கம் வைத்துக்கொண்டு, விரலால் தடவி, அதே இடத்தில் இரண்டு மூன்று தரம் திரும்பத் தைத்து, நூலைப் பல்லால் கடித்தார். பிறகு அடுத்த முடிச்சு. அதற்கும் நான்தான் கோத்தேன். வெள்ளவத்தை வரும்போது அம்மாவின் பாதியிலும் அன்ரியின் பாதியிலும் ஒரு முடிச்சும் மிச்சமில்லை. எனக்கு இப்போது காக்க இரண்டு இரகசியங்கள். இவர் தைத்ததை அவர் பிரிக்கிறார், அவர் போட்டதை இவர் பிரிக்கிறார், இப்படியிருந்தால் இந்தப் போர்வை என்றைக்கு முடியப் போகிறது என்று எரிச்சலாக இருந்தது.

இரண்டு நாள் கழித்து அம்மா அதை அயன் பண்ணக் கட்டிலில் விரித்தார். அடிப்பக்கத்தை உள்ளங்கையால் தடவிக்கொண்டு போனவர் பாதியில் நின்றார். திரும்பவும் தொடக்கத்தில் இருந்து ஒவ்வொரு வரியின் முடிவையும் தடவினார். பிறகு அயன்பெட்டியை அடுப்படித் தரையில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து, கட்டில் ஓரத்தில் இருந்து அழுதார். சத்தம் இல்லாத அழுகை. என்னவென்று கேட்டேன். கரி புகைகிறது என்றார். கரி நன்றாகக் கனன்றுகொண்டுதான் இருந்தது, புகை இல்லை.

பிள்ளை பிறந்தது, ஆண்பிள்ளை, அந்தப் போர்வையில்தான் கிடந்தது. பார்க்க வந்த சனம் எல்லாம் அன்ரியின் கைவண்ணத்தைப் புகழ்ந்தது. அன்ரி மறுக்கவில்லை. இருவரும் அதைப் பற்றி என்றைக்காவது கதைத்ததாக எனக்குத் தெரியாது.

சனிக்கிழமைகள் மட்டும் நிற்கவில்லை. அன்ரி பஸ்ஸில் வருவதை விட்டுவிட்டார், பெறாமகளின் புருஷன் அவரைக் கொண்டுவந்து விடத் தொடங்கினார். பாய் விரிந்தது, இருவரும் எதிரெதிரே இருந்தார்கள், அடுத்த போர்வை தொடங்கியது. அதில் தைத்ததெல்லாம் அம்மா. ஒவ்வொரு வரியும் முடிந்ததும் துணியை அன்ரியின் பக்கம் தள்ளுவார். அன்ரி கதையை நிறுத்தாமலே விரலை அதன் முடிவு வரை ஓட்டி, ம் என்று தலையாட்டுவார். அம்மா அதற்குப் பிறகு ஒரு முடிச்சுக்கூடப் போட்டதில்லை. அன்ரி ஊசியைத் தொட்டதும் இல்லை. வேலை முழுவதையும் அம்மாவின் தலையில் கட்டிவிட்டு வாயளந்துகொண்டிருக்கிறாரே, அன்ரிக்கு இவ்வளவு பஞ்சி பிடித்துவிட்டதே என்று அம்மாவுக்காக நான் நெடுநாள் கோபப்பட்டுக்கொண்டிருந்தேன்.