கடல் தாண்டிய அத்தை

ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெருவிலிருந்து கடல் தாண்டிப் போனவர்கள் அதற்கு முன்பும் உண்டு. படிக்கப் போனார்கள், வேலைக்குப் போனார்கள், மகளின் பிரசவம் பார்க்கக்கூடப் போனார்கள். பந்து போடுவதற்காகப் போனது எங்கள் அத்தை ஒருத்திதான். எண்பதுகளின் தொடக்கம் அது. இந்தியாவுக்குப் பெண்கள் கிரிக்கெட் அணி என்று ஒன்று இருப்பதே பாதிப் பேருக்குத் தெரியாது. அந்த அணி ஒருநாள் ஆட்டங்கள் ஆடச் சில வாரங்களுக்கு நியூசிலாந்து போனபோது, அதில் எங்கள் வீட்டுப் பெண் இருந்தாள். இதை எழுதும்போதுகூட எனக்கு முதுகு கொஞ்சம் நிமிர்கிறது.

அத்தை என் அப்பாவின் கடைசித் தங்கை. திருச்சியில் கல்லூரிக்குப் போன இடத்தில் சுழல்பந்து கற்றுக்கொண்டாள். எங்கள் வீடு வாசலிலிருந்து கொல்லை வரைக்கும் ரயில்பெட்டி மாதிரி நீளமாகப் போகும். மத்தியானத்தில் பெரியவர்கள் கண்ணயர்ந்த நேரம் பார்த்து வாசலை ஒட்டிய ரேழியிலிருந்து பந்தைப் போடுவாள். நான் முற்றத்தைத் தாண்டி நின்று பொறுக்கிக் கொடுப்பேன். அப்போது எனக்கு எட்டு வயது. பந்து என் காலுக்கு நேராக வந்து, கடைசி நிமிஷத்தில் மனசு மாறித் தூணைப் பார்த்துப் போகும். அது எப்படி என்று கேட்டால் விரலைக் காட்டிச் சிரிப்பாள்.

அந்த விரல்களுக்கு வேறு வேலையும் இருந்தது. வீட்டுக்குப் பெரியவர் பெரியப்பா. பெரிய கோயிலில் தினமும் மற்றவர்களோடு கோஷ்டியில் நின்று பிரபந்தம் ஓதிச் சேவிப்பவர். நெற்றியிலும் உடம்பிலும் பன்னிரண்டு திருமண், பஞ்சகச்சம், யாரையும் நிமிர்ந்து பார்க்காத நடை. அவர் தெருவில் வந்தால் தும்மல் வந்தவர்கள்கூட அடக்கிக்கொள்வார்கள். வீட்டில் எது சமைத்தாலும் பெருமாளுக்குக் காட்டிய பிறகுதான் எங்களுக்கு. ஆகவே விடியுமுன் குளித்து, மடியுடுத்திக்கொண்டு தளிகையுள்ளுக்குள், அதாவது சமையலறைக்குள், ஒருத்தர் போயாக வேண்டும். பெரியம்மாவுக்குப் புகை பட்டால் இழுப்பு வந்துவிடும். அப்பாவுக்கு பாங்கில் வேலை, அம்மா பாலக்கரைப் பக்கம் ஒரு பள்ளியில் டீச்சர், இரண்டு பேரும் காலையில் பஸ்ஸுக்கு ஓடுகிறவர்கள். மிச்சம் அத்தைதான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அம்மா அடுப்பை ஏற்றுக்கொள்வாள், அன்றைக்கு அத்தை மைதானத்துக்குப் போவாள்.

அணியில் எடுத்துவிட்டார்கள் என்று தெரிந்ததும் அத்தைக்குக் கற்றுக்கொடுத்த கல்லூரி விளையாட்டு டீச்சரே வீட்டுக்கு வந்தார். வெள்ளைப் புடவை, கழுத்தில் சின்னச் சிலுவை. கூடத்தில் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, கொடுத்த காபியை முழுக்கக் குடித்துவிட்டுப் பெரியப்பாவிடம் நேராகச் சொன்னார்.

"சார், உங்க தங்கச்சி மாதிரி பந்து போட இங்க ஆள் இல்லங்க. ஆனா ஞாயித்துக்கிழமை மட்டும் வந்தா எத்தன நாளைக்கு இந்தியாவுக்கு ஆட முடியும்? திரும்பி வந்ததும் தினம் காலைல கிரவுண்டுக்கு வரணுங்க. இல்லன்னா இந்த ஒரு டூரோட சரி."

"காலம்பற தளிகை யார் பண்றது?" என்று பெரியம்மாவின் குரல் மட்டும் உள்ளிருந்து வந்தது.

அத்தை தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பெரியப்பா வேறு ஏதோ யோசனையில் இருப்பவர்போல, ஒரு ஆட்டம் எத்தனை நாள் நடக்கும் என்று கேட்டார். ஒரே நாள்தான், சாயங்காலத்துக்குள் ஜெயித்தோமா தோற்றோமா என்று தெரிந்துவிடும் என்றார் டீச்சர். "நல்லது. இழுத்தடிக்கப்படாது" என்று எழுந்துவிட்டார்.

செய்தி கோஷ்டிக்குப் போக அதிக நேரமாகவில்லை. மறுநாள் கோயிலிலிருந்து திரும்பும்போது பெரியப்பாவோடு இரண்டு பேர் கூடவே வாசல் வரைக்கும் வந்துவிட்டார்கள். "தேவரீர் தங்கை சமுத்திரம் தாண்டிப் போறாளாமே. வந்தப்புறம் திருமாளிகையிலே தளிகை யார் கையாலே?" என்று ரொம்ப மரியாதையாகக் கேட்டார்கள். கடல் தாண்டியவள் சமைத்ததைப் பெருமாளுக்குக் காட்டி, அதையே சாப்பிட்டுவிட்டு வந்து எங்களோடு நிற்பீரோ என்பதுதான் அதன் அர்த்தம். பெரியப்பா அவர்களை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார். வீட்டில் எல்லோரையும் கூடத்துக்கு வரச்சொன்னார்.

"அவ போயிட்டு வரட்டும். ஆனா திரும்பி வந்தப்புறம் தளிகையுள்ளுக்குள்ளே கால் வைக்கப்படாது. சாஸ்திரம் சாஸ்திரம்தான்" என்றார்.

வந்தவர்கள் திருப்தியாகப் போனார்கள். பெரியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பெற்ற அப்பா இல்லாத பெண்ணை இப்படியா சொல்வது என்று அம்மா இரவெல்லாம் அப்பாவிடம் முணுமுணுத்தாள். அத்தை மட்டும் பெரியப்பாவைத் தரையில் விழுந்து சேவித்தாள். எழுந்திருக்க ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தேன். பெரியப்பாவை எனக்கு அன்றைக்கே பிடிக்காமல் போயிற்று.

அத்தை புறப்பட்டாள். பெரியம்மா மூச்சிழுப்பையும் பொருட்படுத்தாமல் அடுப்பு முன்னால் உட்கார்ந்து ஒரு பெரிய பாட்டில் புளிக்காய்ச்சல் கிளறிக் கொடுத்தாள். அங்கே போய் இந்தியா முழுவதிலிருந்தும் வந்த பெண்கள் அதை ரொட்டியில் தடவித் தின்று மூன்றே நாளில் காலி பண்ணினார்கள் என்று பிறகு தெரிந்ததும், பெரியம்மா அதைச் சொல்லாத ஆளில்லை.

ஆட்டம் நடந்த நாட்களில் ரேடியோவில் ஒரு வார்த்தை வரவில்லை. பேப்பரில் விளையாட்டுப் பக்கத்தின் அடியில், எண்ணெய் விளம்பரத்துக்கு மேலே, இரண்டு வரி வரும், சில நாள் அதுவும் வராது. பெரியப்பா கோயிலிலிருந்து வந்ததும் பேப்பரை மடித்துப் பிடித்துக்கொண்டு அந்த இரண்டு வரியைத் தேடுவார். கிடைத்தால் பாசுரம் சேவிப்பதுபோல நிறுத்தி நிறுத்தி உரக்க வாசிப்பார். ஒருநாள் அத்தையின் பெயர் அச்சில் வந்தது, பக்கத்தில் நாலு விக்கெட் என்று போட்டிருந்தது. பெரியப்பா அதை இரண்டு தரம் வாசித்தார். பிறகு, யார் வீட்டுப் படியும் ஏறாத மனுஷர், பேப்பரோடு எதிர்வீட்டுக்குப் போனார். அதை வெட்டி வைத்துக்கொள்ளக் கத்தரிக்கோல் வேண்டும் என்று கேட்டாராம். அரைமணி கழித்துத் திரும்பினார். எங்கள் கத்தரிக்கோல் எப்போதும்போல ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்குள் தெருவுக்கே விஷயம் தெரிந்துவிட்டது.

அந்த நாட்களில் தளிகை பண்ணியது யார் என்று சொல்லவில்லையே. பெரியப்பாதான். முதல் வாரம் உப்பில்லாத நாளும் உண்டு, கரித்துக் கொட்டிய நாளும் உண்டு. பெருமாள் எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டார், நாங்களும் பொறுத்துக்கொண்டோம்.

அத்தை திரும்பி வந்த அன்று ஜங்ஷனுக்கு எங்கள் தெருவே வந்திருந்தது என்று சொன்னால் கொஞ்சம் மிகைதான், பாதித் தெரு வந்திருந்தது. புடவைக்கு மேல் நாட்டுச் சின்னம் தைத்த நீலக் கோட்டு போட்டுக்கொண்டு ரயிலிலிருந்து இறங்கினாள். போர்ட்டர்கூட நின்று பார்த்தார். அவள் பையை நான்தான் தூக்குவேன் என்று அடம்பிடித்து, தூக்க முடியாமல் இழுத்துக்கொண்டு வந்தேன். எங்கள் வகுப்பில் யாருக்கும் இப்படி ஓர் அத்தை கிடையாது என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

அன்று சாயங்காலம் முற்றத்தில் கதை நடந்தது. கடைசி ஆட்டத்தில் எதிரணிக்குப் பத்துப் பன்னிரண்டு ஓட்டம்தான் வேண்டியிருந்தது, ஆறடி உயரத்தில் ஒரு வெள்ளைக்காரி அடித்து நொறுக்கிக்கொண்டிருந்தாள், காப்டன் பந்தை அத்தையிடம் கொடுத்தாள். அவள் இறங்கி வந்து அடிக்கட்டும் என்று அத்தை பந்தை உயரமாக விட்டாள். அவள் இறங்கினாள், பந்து திரும்பிற்று, பின்னாலிருந்த நம் பெண் ஸ்டம்பைத் தட்டிவிட்டாள். அதுதான் கடைசி விக்கெட். ஆட்டம் நம்முடையது.

"நேரா வந்தது எப்படித் திரும்பித்து? காட்டு" என்றார் பெரியப்பா.

பஞ்சகச்சத்தோடு குடையை மட்டையாகப் பிடித்துக்கொண்டு முற்றத்தில் போய் நின்றார். பின்னால் பித்தளைத் தவலைதான் ஸ்டம்ப். அத்தை போட்டாள். பந்து குடைக்கு எட்டாமல் சுற்றிக்கொண்டு போய்த் தவலையில் டங்கென்று மோதியது. பெரியப்பா குனிந்து பந்து விழுந்த தரையைத் தடவிப் பார்த்தார். இன்னொரு தரம் போடச்சொன்னார். மறுபடியும் தவலை. எல்லோரும் சிரித்தோம், அவரும் சிரித்தார். அவர் பல் எனக்குத் தெரிந்தது அன்றுதான். இனிமேல் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டு தூங்கினேன்.

ஒன்றும் சரியாகவில்லை. மறுநாள் வீட்டுக்கு வைதிகம் பண்ணிவைக்கும் வாத்தியார் வந்து, இதெல்லாம் பெரிய விஷயமில்லை, காவேரியில் ஒரு முழுக்கு, சுத்தி பண்ண ஒரு புண்யாகவாசனம், அரைமணியில் முடிந்துவிடும், அத்தை பழையபடி தளிகை பண்ணலாம் என்றார். எதிர்வீட்டு மாமியும் பரிந்து பேசினாள். பெரியப்பா அசையவில்லை. "சாஸ்திரத்துலே குறுக்கு வழி கிடையாது" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். நாட்டுக்கு ஆடி ஜெயித்து வந்தவளுக்கு வீட்டுக்குள் இதுதானா மரியாதை என்று எனக்குப் பொங்கிக்கொண்டு வந்தது.

அத்தைக்குக் காலையில் வேலையில்லாமல் போயிற்று. பையை மாட்டிக்கொண்டு முதல் பஸ்ஸில் திருச்சிக்கு மைதானத்துக்குப் போய்விடுவாள். பெரியப்பா முன்னைவிடச் சீக்கிரம் எழுந்து குளித்து அடுப்பு மூட்டினார். அவள் பஸ்ஸுக்கு முன்னால் ஆகவேண்டும் என்று பெருமாள் ஆராதனத்தையே முன்னால் தள்ளினார். தயிர்சாதமோ புளியோதரையோ டிபன் டப்பாவில் கட்டி, அவள் கையில் கொடுக்காமல் ரேழியில் வைத்துவிட்டுப் போவார். வேற்று மனுஷிக்கு வைப்பதுபோல இருக்கிறதே என்று எனக்கு வயிறெரியும். அத்தை டப்பாவை எடுத்துக்கொண்டு பாட்டு முனகிக்கொண்டே படியிறங்குவாள்.

இரண்டு வருஷம் இப்படியே போயிற்று. அத்தை இன்னும் பல ஆட்டங்கள் ஆடினாள், பேப்பரில் வரிகள் கொஞ்சம் கூடின. அப்போதுதான் பெரியம்மாவின் அண்ணா பிள்ளை அமெரிக்காவிலிருந்து வந்தான். காலையில் வந்து இறங்கினான். பெரியப்பாவே வாத்தியாருக்கு ஆளனுப்பினார். காவேரியில் முழுக்கு, புண்யாகவாசனம், அரைமணி. மத்தியானம் அவன் பெரியப்பாவுக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்தான். போதாக்குறைக்குத் தளிகையுள்ளுக்குள் போய்த் தானே நெய்க்கிண்ணத்தை எடுத்துக்கொண்டும் வந்தான்.

"அத்தைக்கு மட்டும் ஏன் அரைமணி பண்ணலை?" என்று பந்தி நடுவில் கத்திவிட்டேன்.

எல்லோரும் கையை நிறுத்தினார்கள். பெரியப்பா இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மைதானத்திலிருந்து அப்போதுதான் வந்திருந்த அத்தை ரேழியிலிருந்து ஓடிவந்து என் வாயைப் பொத்தினாள். "சும்மா இருடீ கொழந்தே, காரியத்தைக் கெடுக்காதே" என்று காதில் சொன்னாள். அவள் உடம்பெல்லாம் சிரிப்பில் குலுங்கியது. பயத்தில் நடுங்குகிறாள் என்று நினைத்தேன்.

எனக்குக் கல்யாணமாகி, நான் கற்ற பாட்டும் பரதமும் மூட்டையாகக் கட்டிவைக்கப்பட்டு, விடியுமுன் ஒரு சமையலறையில் தினமும் நிற்கத் தொடங்கிய பிறகுதான், பெரியப்பா தன் தங்கைக்குச் செய்தது என்ன என்று எனக்கு உறைத்தது. அதற்குள் அவர் போய்விட்டார். பந்தியில் கத்திய அன்றைக்கு நான் பத்து வயதுப் பெண். அவரோடு இனிமேல் பேசுவதில்லை என்று பெருமாள் மேல் ஆணையிட்டு, அவர் அடுப்பில் வெந்து பண்ணிய சாதத்தை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனேன். அவர் என்னைத் தடுக்கவும் இல்லை, ஏன் என்று சொல்லவும் இல்லை.