மிக்ஸிக்கு அடியில் கிடக்கும் புஷ்

எங்கள் வீட்டு மிக்ஸிக்கு நான்கு கால். மூன்று, கடையில் வாங்கும்போதே இருந்தவை. நான்காவது லாரியுடையது. கட்டைவிரல் நுழையும் அளவுக்கு ஓட்டையுள்ள கறுப்பு ரப்பர் வளையம்; புஷ் என்பார்கள். மனைவி தேங்காய் அரைக்கும்போது மிக்ஸி அசையாமல் நிற்கும். எனக்குத்தான் உள்ளே ஆடும். களியக்காவிளையில் ஸ்பேர்பார்ட்ஸ் கடை வைத்திருக்கும், டிரைவர்கள் எல்லாரும் அண்ணன் என்று கூப்பிடும் மனிதரின் முகம் அந்த வளையத்துக்குள் இருந்து என்னைப் பார்க்கும்.

வெள்ளறடையில் மரச்சீனிக் கிழங்கும் வாழைக்குலையும் ஏற்றி நெய்யாற்றின்கரைக்குக் கொண்டுபோகும் மினி லாரி என்னுடையது. முன்பக்க ஷாக் அப்சார்பர் இரண்டும் போய், ஒவ்வொரு குழியிலும் என் பல் எத்தனை என்று வண்டியே எண்ணிக் காட்டியது. பாறசாலையில் நல்ல மெக்கானிக் உண்டு. ஆனால் டீக்கடையில் நான் ஏற்கெனவே வாயை விட்டிருந்தேன், வீட்டு முற்றத்திலேயே மாற்றிக் காட்டுகிறேன் என்று. பள்ளிக்கூடம் என் தலைக்குள் ஏறவில்லை. அந்த இடத்தையும் சேர்த்து வாய்தான் பிடித்துக்கொண்டது.

கேரள எல்லை தாண்டித் தமிழ்நாட்டுக்குள் நுழைந்தால் அண்ணன் கடை. பெட்டியை நீட்டும்போதே சொன்னார்: “புஷ்ஷு தனியா கிடக்கு, மறக்காம போடணும் கேட்டியா. அறியாட்டா ஆளக் கூப்பிடு மக்கா.”

“அண்ணே, நான் ஜாக்கிக்க மேல பொறந்தவனாக்கும்” என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை. நனைந்த செம்மண்ணில் ஜாக்கி இறங்கியது, வண்டி ஏறவில்லை. அடியில் தென்னந்தடி வைத்துத் தூக்கினேன். நட்டைத் திருப்பினால் ஷாக்கின் தண்டும் கூடவே சுற்றியது, நான் எது சொன்னாலும் தலையாட்டும் என் மச்சினன் மாதிரி. மண்ணெண்ணெய் ஊற்றி, ஸ்பேனரில் பைப்பைச் செருகித் தொங்கினேன். மதியத்துக்கு மேல் நட்டு வந்தது, என் விரல் தோலையும் கூட்டிக்கொண்டு. மதிலுக்கு மேலிருந்து பக்கத்து வீட்டுக்காரர் கேட்டார்: “எலே, நீ வண்டிய ரிப்பேர் பண்ணுதியா, வண்டி ஒன்னப் பண்ணுதா?”

பழைய ரப்பர் தூளாக உதிர்ந்தது. அழுக்கு என்று ஊதிவிட்டேன். புதுப் பெட்டியில் கிடந்த நான்கு வளையங்களும் சாமான் முட்டாமல் இருக்க வைத்த பேக்கிங் என்றே நினைத்தேன். அண்ணன் சொன்னதா? அவர் சொன்னபோது நான்தான் பேசிக்கொண்டிருந்தேனே. மனைவி வந்து, “இது வேண்டாததா? மிக்ஸிக்க காலு ஒண்ணு போச்சு” என்றாள். ராஜா மாதிரி எடுத்துக் கொடுத்தேன். மற்ற மூன்றும் குப்பைக் குழிக்குப் போயின.

மறுநாள் லோடோடு இறங்கினால், டக் டக் என்று இரும்பில் இரும்பு இடிக்கிற சத்தம். டீக்கடையில் இருந்த இரண்டு டிரைவர்கள் என்னவென்று கேட்டார்கள். அவர்களும் அண்ணனிடமே சாமான் வாங்குகிறவர்கள். எனக்கு வேலை தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். எல்லார் காதிலும் விழட்டும் என்று மலையாளத்தில் சொன்னேன்: “இது பாண்டி சாதனமாணு. டூப்ளிகேட்.”

என் வீட்டில் பேசுவது தமிழ். பள்ளிக்கூடத்தில் தமிழன் என்று இளக்காரமாக என்னைப் ‘பாண்டி’ என்று கூப்பிட்ட பையன்களுக்குப் பயந்து எத்தனையோ நாள் ரப்பர் தோட்டத்தில் ஒளிந்திருக்கிறேன். அதே சொல்லை எடுத்துத்தான் அந்த மனிதர் மேல் எறிந்தேன்.

“வாலே, போய்க் கேப்போம்” என்று இரண்டு பேரும் வண்டியில் ஏறிவிட்டார்கள். கடையில் ஆட்கள் நிறைய. அத்தனை பேருக்கு முன்னாலும் அதையே திரும்பக் கத்தினேன். அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டி, தரையில் சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் போனார். நானும் குனிந்தேன். ரப்பர் இருக்க வேண்டிய இடைவெளியில் விரலை வைத்து, எனக்கு மட்டும் கேட்கும்படி கேட்டார்:

“புஷ்ஷு எங்க மக்கா?”

எனக்கு எங்கள் மிக்ஸி ஞாபகம் வந்தது.

அண்ணன் என் முகத்தைப் பார்த்தார். வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டு அந்த இரண்டு பேரிடமும் சொன்னார்: “பாக்கெட்டுல புஷ்ஷு இல்லாம வந்திருக்கு. நான் பாத்துக் குடுத்திருக்கணும். எனக்க பிழையாக்கும்.” புதிதாக நான்கு எடுத்துவந்து அவரே பூட்டினார். வெள்ளைச் சட்டையின் முதுகெல்லாம் கரி. சொல்ல வேண்டிய நேரம் அதுதான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? “சாரமில்ல அண்ணே, போட்டு.” பரவாயில்லை, போகட்டும் என்று அவரை மன்னித்துவிட்டு வந்தேன்.

அந்த இரண்டு டிரைவர்களும் இப்போது சாமான் வாங்க மார்த்தாண்டம் போகிறார்கள். கேட்கிறவர்களிடமெல்லாம், “அங்க சாதனம் கொள்ளாது, எல்லாம் டூப்ளிகேட்” என்கிறார்கள். நானும் பக்கத்தில் இருந்து டீ குடித்திருக்கிறேன். அண்ணனோ, வழியில் கண்டால் இப்போதும் கேட்பார்: “எப்பிடி மக்கா, சத்தம் உண்டா?”

“இல்ல அண்ணே.”

இன்று காலையில் உள்ளதைச் சொல்லிவிடத் துணிந்து, மிக்ஸியைத் தூக்கி வளையத்தை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு டீக்கடைக்குப் போனேன். இரண்டு பேரும் இருந்தார்கள். அதை மேசையில் வைத்தேன்.

“இது என்னவாக்கும்?” என்றார் ஒருவர்.

“மிக்ஸிக்க காலு” என்றேன். இருவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன்.

வீட்டுக்கு வந்தால் சமையலறையில் மிக்ஸி தடதடவென்று ஆடிக்கொண்டிருந்தது. “கால எங்க கொண்டு போனிய?” என்றாள் மனைவி. குனிந்து, பழைய இடத்திலேயே வைத்தேன். சத்தம் நின்றது.