தங்கராசு அண்ணனும் நான் மூடிய ஜன்னலும்

தங்கராசு அண்ணன் இறந்த செய்தி எங்கள் தறிக்கூடத்து வாட்ஸ்அப் குழுவில் ஒரு விமானப் படத்தோடு வந்தது. "கேப்டன் கடைசிப் பயணம் கிளம்பிவிட்டார்" என்று எழுதியிருந்தார்கள். அவர் இருந்தபோது "ஊட்டுக்குள்ளயே பறக்கற பைலட்டு" என்று கேலி பேசிச் சிரித்த அதே ஆட்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அந்தக் கோபத்தில் பாதிக்கு மேல் என்மேல்தான். அவரைத் தெரிந்தவர்கள் அதையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

பள்ளிபாளையத்தில் எங்கள் கூடத்துக்கு அவர் தறி மெக்கானிக், நான் மேற்பார்வையாளர். காது கிழியும் சத்தத்துக்கு நடுவே நின்று, "ஏழாந் தறி சத்தம் மாறுது, நிறுத்துங்க" என்பார். பார்த்தால் ஏதோ ஒரு போல்ட் தளர்ந்திருக்கும். வேலை முடிந்து வீட்டுக்குப் போனால் கம்ப்யூட்டர் சிமுலேட்டரில் விமானம் ஓட்டுவார். ஒருநாள் என் தலையில் ஹெட்போனை மாட்டிவிட்டார். கேமராவை விமானி இடத்தில் வைத்தால் சுவிட்சு தட்டும் சத்தம். வெளியே வைத்தால் ஒரே இரைச்சல். கடைசியாக, இறக்கைக்குப் பின்னால் பயணி உட்காரும் ஜன்னலோரத்தில் வைத்தார். எஞ்சினின் ரீங்காரம் நெஞ்சுக்குள் இறங்கியது. "ஓட்டறவனுக்கு வேலதான் சாமி. பாக்கறதும் கேக்கறதும் இங்கதானுங்க" என்றார்.

நிஜ விமானத்தில் அவர் ஏறியது ஒரே முறை. கூட்டாளி வீட்டுக் கல்யாணத்துக்காகச் சேலத்திலிருந்து கொச்சிக்கு இருவரும் போனோம். இருக்கை எடுத்தது நான். அண்ணனுக்குச் சர்க்கரை, அடிக்கடி எழுந்து போக வேண்டியிருக்கும் என்று நானே முடிவுசெய்து அவருக்கு நடைபாதை ஓரத்தைக் கொடுத்தேன். ஜன்னலை நான் எடுத்துக்கொண்டேன். அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கிளம்பும்போது ஜன்னலை மறைத்துக்கொண்டு ஸ்டேட்டஸுக்குப் படம் பிடித்தேன். மேலே போனதும் வெயில் அடிக்கிறதென்று திரையை இழுத்துவிட்டுத் தூங்கிப்போனேன். இறங்கும்போதுதான் விழித்தேன். திரும்பி வந்தது ரயிலில்.

அடுத்த வாரம் அவர் வீட்டுக்குப் போனபோது சிமுலேட்டரில் அதே பயணம் ஓடிக்கொண்டிருந்தது. கேமரா ஜன்னலோரத்தில். கீழே காவிரி, பாலம், எங்கள் ஊர்.

"இதெல்லாம் அன்னைக்குத் தெரிஞ்சுதுங்களா, அண்ணா?"

"தெரிஞ்சிருக்கும் சாமி. திரை மூடியிருந்துதுங்க."

"என்னைய எழுப்பியிருக்கலாமுங்களே!"

"அசந்து தூங்குனீங்க. எதுக்கு எழுப்பறது? நல்லாச் சத்தம் கேட்டுட்டு வந்தனுங்க. போதும்."

என்ன போதும்? தறியில் சத்தம் மாறினால் உடனே நிறுத்தச் சொல்லும் மனிதருக்கு என் தோளைத் தட்ட என்ன கேடு? அந்த மரியாதையை நினைத்தால் இன்றும் ஆத்திரம் வருகிறது. தை பிறந்ததும் மறுபடி போவோம், இந்த முறை ஜன்னல் உங்களுக்குத்தான் என்றேன். "வாரனுங்க" என்றார். முகமெல்லாம் சிரிப்பு.

மார்கழியில் ஒரு ஞாயிறு மதியம் நெஞ்சு வலித்திருக்கிறது. "பசங்க இன்னைக்கித்தான் அசந்து தூங்கறாங்க, எழுப்பாத" என்று அண்ணியிடம் சொன்னாராம். மகன்கள் தாமாக எழுந்து வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. இதைக் கேட்டதும் சாவு வீடென்றும் பாராமல், "எழுப்புனா என்ன குடிமுழுகிப் போயிரும்?" என்று கத்திவிட்டேன்.

அவருடைய ஹெட்போனை அண்ணி என்னிடம் கொடுத்தார். அதுதான் இப்போது என்னிடம் இருக்கிறது. நேற்று அதை மாட்டிக்கொண்டு, என் கம்ப்யூட்டரிலும் அந்தச் சிமுலேட்டரை ஏற்றி, கொச்சிப் பயணத்தைப் போட்டேன். கேமராவை அவர் அன்று உட்கார்ந்த நடைபாதை ஓரத்து இருக்கையில் வைத்தேன். ஜன்னல் திறந்துதான் இருந்தது. அங்கிருந்து பார்த்தால் ஒரு துண்டு வானம் மட்டும் தெரிகிறது. காவிரி வரும் இடத்தில் கழுத்தை நீட்டிப் பார்த்தேன், தெரியவில்லை. சத்தம் மட்டும் நன்றாகக் கேட்டது.