அவள் எடுத்துத் தந்த சுருட்டு

கல்யாணமாகிச் சில மாதங்களாகியும் என் மனைவி என்னிடம் முகம் பார்த்துப் பேசியதில்லை. அந்தச் சாரல் காலத்தில் இருவரும் குற்றாலத்துக்குக் குளிக்கப் போனோம். அருவியில் நனைந்து வந்து, துண்டு எடுக்க அவள் பையைத் திறந்தேன். சேலைக்கு அடியில் பாதி புகைத்த சுருட்டு ஒன்று கிடந்தது.

அவள் முகம் வெளுத்தது. "பல்வலிக்குன்னு பழகினது. விட்டுருதேன். அம்மா வீட்டுக்கு மட்டும் அனுப்பிராதிய."

எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் ஈரச்சேலையோடு நடுங்கி நின்றவளைப் பார்த்ததும் வாயில் வேறு வார்த்தை வந்துவிட்டது.

"எனக்கும் ஒண்ணு பாத்து வாங்கித் தா."

திரும்பும் வழியில் தென்காசிக் கடைத்தெருவில் வண்டியை நிறுத்தினேன். அவள் தயங்கித் தயங்கி இறங்கினாள். கடையில் ஒவ்வொரு சுருட்டாக அழுத்திப் பார்த்து, மோந்து பார்த்து, ஒல்லியான ஒன்றை எடுத்தாள்.

"புதுசாப் பிடிக்கவுகளுக்கு இதுதான். காரம் கம்மி. புகைய உள்ள இழுத்துராதிய."

வண்டியில் ஏறியதும் பற்றவைத்து, முதல் இழுப்பையே உள்ளே இழுத்துவிட்டேன். இருமலில் கண்ணீர் கொட்டியது. அவள் என் முதுகில் ஓங்கித் தட்டினாள்.

"சொன்னா கேக்கணும்லா? என்ன மனுசன் நீங்க!"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்குச் சுருட்டு பழகவேயில்லை. ஆனால் எங்களுக்குக் கல்யாணம் நடந்தது அன்றுதான் என்று இப்போதும் நினைத்துக்கொள்கிறேன்.