முதலிடம் எந்தப் பக்கம்?

கேசட் கடையில் வேலை பார்ப்பவர்களுக்கு ஊரில் உள்ள எல்லாப் பாட்டும் தெரியும், ஆனால் ஒரு பாட்டும் முழுதாகத் தெரியாது. "கொஞ்சம் போட்டுக் காட்டுங்க" என்பார்கள். போடுவோம். ஆரம்ப இசை முடிந்து பாடகர் வாயைத் திறப்பதற்குள் "போதும், பில் போடுங்க" என்றோ "வேணாம், எடுங்க" என்றோ சொல்லிவிடுவார்கள். உடனே அடுத்த ஆள், அடுத்த கேசட். தொண்ணூறுகளில் தி. நகர் பாண்டி பஜாரை ஒட்டிய ஒரு தெருவில் இப்படி நின்றவள் நான். துணிக்கடையோ செருப்புக் கடையோ மருந்துக் கடையோ, நீங்களும் ஏதாவது ஒரு கவுன்டருக்குப் பின்னால் நின்றவர் என்றால் எனக்குச் சொந்தக்காரர்தான். நான் பட்ட பாடு உங்களுக்குப் புரியும். புரிந்தால் எனக்கும் கொஞ்சம் சொல்லுங்கள், எனக்கு இன்னும் புரிந்தபாடில்லை.

கையெழுத்தால் வந்த பதவி

எங்கள் முதலாளி ராஜுலு சார் ஒரு டிசம்பரில் கரும்பலகை ஒன்றை வாங்கி வந்து கடை வாசலில் மாட்டினார். அடுத்த தெருக் கடையில் 'இந்த வருடத்தின் சிறந்த பத்து ஆல்பங்கள்' என்று எழுதி வைத்திருக்கிறார்களாம், கூட்டமெல்லாம் அங்கே போகிறதாம். நமக்கும் ஒன்று வேண்டும் என்றார். கடையில் என் கையெழுத்துதான் குண்டுகுண்டாக இருக்கும். அதனால் பத்தையும் தேர்ந்தெடுக்கும் பொறுப்பும் என் தலையில் விழுந்தது. கையெழுத்துக்கும் காதுக்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்கவில்லை. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவள் அதையெல்லாம் கேட்க முடியுமா?

பலகையில் ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் ஓர் ஆணி. அதில் அந்தக் கேசட்டின் காலி டப்பாவை நூல் கட்டித் தொங்கவிட வேண்டும். சாக்பீஸும் கையுமாக வெகுநேரம் நின்றேன். சிறந்தது என்றால் எது? அதிகம் விற்றதா, எனக்குப் பிடித்ததா? எனக்குப் பிடித்தது எது? எல்லாவற்றிலும் ஆரம்ப இசை நன்றாகத்தான் இருந்தது. மேலே என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? கடைசியில் சாரிடமே போய்க் கேட்டேன். அவர் ஸ்டாக் அலமாரிக்குள் விட்ட தலையை வெளியே எடுக்காமலே சொன்னார்:

"எதை வேணா எங்க வேணா போடும்மா. பத்தாவது எடத்துல மட்டும் நம்மகிட்ட மீந்துபோனதைப் போட்டுடு."

சம்பந்தி வீட்டு நம்பர்

மயிலாப்பூரிலிருந்து வைத்தியநாதன் என்று ஒருவர் வருவார். வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர். பாட்டு கேட்கும் பழக்கம் அவருக்குக் கிடையாது, பாட்டைப் பரிசாகக் கொடுக்கும் பழக்கம் உண்டு. எங்கள் பலகையைப் பார்த்ததும் மனிதருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. இனி எது நல்லது என்று யாரையும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம் அல்லவா? மாப்பிள்ளை வீட்டுக்கு ஒன்றாம் நம்பர், மருமகளின் பிறந்த வீட்டுக்கு இரண்டாம் நம்பர் என்று வாங்கினார். எத்தனையாவது இடம் என்பதையும் மேலே எழுதச் சொல்லி, பளபளக் காகிதத்தில் சுற்றி எடுத்துப் போனார்.

அடுத்த வாரம் ஜனங்களின் மனசு மாறியது. நானும் பலகையை மாற்றினேன். ஒன்றாவது நான்காவதாக இறங்கியது, இரண்டாவது முதலிடத்துக்கு ஏறியது. மறுநாள் நாங்கள் ஷட்டரைத் தூக்கும்போதே அவர் வாசலில் நிற்கிறார். புடவை எடுக்க தி. நகர் வந்த மாப்பிள்ளையின் அம்மா பலகையைப் பார்த்துவிட்டாராம். பலகை என்றால் மாறத்தான் செய்யும் சார் என்றேன். எடுபடவில்லை. இனிமேல் இந்த ஒன்றாம் நம்பரை மட்டும் மாற்றவே மாட்டேன் என்று சத்தியம் செய்தேன். அதற்கும் அவர் சமாதானமாகவில்லை.

"இனிமே மாத்த மாட்டே, சரி. மாப்பிள்ளையாத்துக்கு நாலாம் நம்பர் போயிருக்குன்னு ஆயிடுத்தே, நான் அவா மூஞ்சியில எப்படிம்மா முழிப்பேன்?"

பெசன்ட் நகர் பையன்

இது சின்னது. பெசன்ட் நகரிலிருந்து ஒரு கல்லூரி மாணவன் வந்தான். பலகையை மேலிருந்து கீழாக, பரீட்சைக்குப் படிப்பதுபோல அவ்வளவு கவனமாகப் படித்தான். பரவாயில்லையே, நம் உழைப்புக்கும் ஒரு மரியாதை என்று எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. படித்து முடித்துவிட்டு நேராக என்னிடம் வந்தான்.

"அக்கா, இந்தப் பத்துல இல்லாததுல எது பெஸ்ட்?"

நந்தனத்தில் தண்ணீர்

அப்போதெல்லாம் ஒரு கேசட்டில் இரண்டு படம் வரும். ஏ பக்கம் ஒரு படம், பி பக்கம் இன்னொரு படம். பெரிய நடிகர் படம் ஏ பக்கத்தில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். டப்பாவின் முன்னால் அவர் முகம்தான் இருக்கும். பி பக்கத்துப் படத்துக்கு டப்பாவின் பின்புறம் தீப்பெட்டி அளவில் ஒரு படம் போடுவார்கள். நான் மாற்ற மாட்டேன் என்று சத்தியம் செய்த ஒன்றாம் நம்பர் இந்த ரகம்தான். ஏ பக்கப் பாட்டுகள் ஊரெல்லாம் ஒலித்தன. பி பக்கத்துப் படம் போஸ்டர் பசை காய்வதற்குள் தியேட்டரை விட்டுப் போய்விட்டது. இசை யாரோ சேகர், புது ஆள். அந்தப் பக்கத்தைப் போட்டுக் காட்டச் சொல்லி எங்கள் கடையில் ஒருவரும் கேட்டதில்லை.

ஒரு மழை மாலையில் பஸ் கிடைக்காமல், எங்கள் கடையெதிரே ஸ்டாண்டில் நிற்கும் மூர்த்தியின் ஆட்டோவில் அடையாறுக்குக் கிளம்பினேன். நந்தனத்தில் முழங்கால் தண்ணீர். வண்டிகள் அசையவில்லை. மூர்த்தி அந்தக் கேசட்டைப் போட்டார், பி பக்கத்தை. கடையாக இருந்தால் யாரும் "வேணாம், எடுங்க" என்று சொல்லிவிடக்கூடிய சாதாரண ஆரம்பம். நிறுத்தத்தான் ஆளில்லையே, பாட்டு பாட்டுக்குப் போனது. இரண்டாவது சரணத்துக்கு முன்னால் வயலின்கள் எல்லாம் நின்றுவிட்டன. பாடகியின் குரல் மட்டும் ஒரு வரியைத் தனியாகப் பாடியது. கடையில் சேர்ந்த பிறகு நான் முழுதாகக் கேட்ட முதல் பாட்டு அது. அடையாறு வந்தும் அது தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். எல்லாரும் ஏ பக்கம் கேட்கும்போது நீங்கள் மட்டும் ஏன் இதைப் போடுகிறீர்கள் என்று மூர்த்தியிடம் கேட்டேன்.

"ஏ சைடு டீக்கடைல பாடுது, சலூன்ல பாடுது, பஸ்ல பாடுது. அத்த நானும் போட்டா சவாரி காது இன்னாத்துக்கு ஆவும் தங்கச்சி? இந்த சைடு போட்டா வூடு வந்தும் எறங்காம குந்திகினு கீறாங்க, உன்ன மாறியே."

வெள்ளைச் சட்டைக்காரர்

அதன் பிறகு பலகையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் குழப்பம். முதலிடம் கொடுத்தோமே, அது ஏ பக்கத்துக்கா, பி பக்கத்துக்கா? வாங்கியவர்கள் எல்லாரும் ஏ பக்கத்துக்காக வாங்கினார்கள். நான் முதலிடம் கொடுப்பதென்றால் பி பக்கத்துக்குத்தான் கொடுப்பேன். ஆனால் இரண்டும் தொங்குவது ஒரே நூலில்.

அந்த நாட்களில் வெள்ளைச் சட்டை போட்ட ஒல்லியான ஒருவர் தினமும் வந்து பலகையின் முன்னால் நிற்பார். ஒன்றும் வாங்க மாட்டார். அடுத்த தெருக் கடையின் உளவாளி என்று ராஜுலு சார் முடிவுகட்டிவிட்டார். ஒருநாள் காற்றில் முதலிடத்து டப்பா சுழன்றுகொண்டிருந்தது. பெரிய நடிகர் வருவார், போவார், தீப்பெட்டிப் படம் வரும், போகும். அவர் கையை நீட்டி, தீப்பெட்டிப் படம் முன்னால் வந்தபோது டப்பாவைப் பிடித்து நிறுத்தினார். எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. வெளியே போய், "நீங்க சேகர் சாரா?" என்றேன். தலையாட்டினார்.

படம் ஓடாததால் அவரை யாரும் கூப்பிடவில்லை. கோடம்பாக்கத்தில் ஒரு தயாரிப்பாளர் மட்டும் யோசிக்கலாம் என்று சொல்லியிருக்கிறார். இவர் ஓர் ஆர்வத்தில், தி. நகர்க் கடையில் என் கேசட்தான் முதலிடம் என்று சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை நானே வந்து பார்க்கிறேன் என்று தயாரிப்பாளரும் நாள் குறித்துவிட்டார். இந்தப் படமும் கைவிட்டுப் போனால் அம்பத்தூரில் மச்சானின் லேத் பட்டறையில் போய் உட்கார வேண்டியதுதான், இசை அதோடு சரி என்றார். பலகையில் 'பி பக்கம்' என்று எழுதலாமா என்று முதலாளியிடம் கேட்டேன். ஏ பக்கத்துக் கம்பெனிக்காரன் கடையைப் பூட்டிவிடுவான் என்று கத்தினார். வெளியே வந்து விஷயத்தைச் சொன்னேன். சேகர் டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் சொன்னது பொய்யா சிஸ்டர்? அந்த டப்பாக்குள்ள நானும்தானே இருக்கேன்?"

வெள்ளிக்கிழமை

எழுதத்தானே கூடாது? டப்பாவை இன்னொரு நூலால் இழுத்துக் கட்டி, தீப்பெட்டிப் படம் முன்னால் தெரியும்படி வைத்தேன். சேகருக்கு உள்ளே வரத் துணிவில்லை. எதிரே கரும்புச்சாறு மிஷினுக்குப் பின்னால் நின்றுகொண்டார். தயாரிப்பாளர் வந்தார். இரும்பு வியாபாரத்திலிருந்து படம் எடுக்க வந்தவர், அளந்து பேசுவார். முதலிடத்தைப் பார்த்தார். "போடும்மா" என்றார்.

பி பக்கத்தைப் போட்டேன். ஆரம்ப இசை முடிந்தது. எல்லாரையும்போல அவரும் கையைத் தூக்கி, "போதும்" என்றார். பழக்கதோஷத்தில் என் விரல் பொத்தானுக்குப் போய்விட்டது. போன விரலை எடுத்துக்கொண்டேன். "ரெண்டாவது சரணம் வரைக்கும் கேளுங்க சார்" என்றேன். ராஜுலு சார் என்னை முறைத்தார். இனி எனக்கு வேலை இல்லை என்றே நினைத்தேன். வயலின்கள் நின்றன. அந்த ஒற்றை வரி வந்தது. தயாரிப்பாளர் பாட்டு முடியும்வரை நின்று கேட்டார். "நல்லாத்தான் இருக்கு" என்றார். பிறகு நெற்றியைச் சுருக்கி, "இவ்வளவு நல்லாருந்தா இவரை ஏம்மா பி சைடுல போட்டாங்க?" என்றார்.

அந்த நேரம் பார்த்து வைத்தியநாதன் சார் உள்ளே வந்தார். "ஒண்ணாம் நம்பர் ரெண்டு கொடும்மா, ரெண்டு சம்பந்தியாத்துக்கும் ஒண்ணையே கொடுத்துடறேன், வம்பே வேண்டாம்" என்றார். தயாரிப்பாளர் அவர் பக்கம் திரும்பி, "இந்தப் பாட்டு உங்களுக்கு அவ்வளவு பிடிக்குமா சார்?" என்று கேட்டார். "பாட்டா? நான் எங்கே கேட்டேன்? இது மாறாதுன்னு இந்தப் பொண்ணு சத்தியம் பண்ணியிருக்கா" என்றார் இவர். எல்லாம் போச்சு என்று எதிரே கரும்புச்சாறு மிஷினைப் பார்த்தேன். தயாரிப்பாளரோ ராஜுலு சாரின் தோளில் ஓங்கித் தட்டினார்.

"கேக்காமலே ரெண்டு ரெண்டா வாங்கறாங்கன்னா, அதுதான்யா மார்க்கெட்டு! எங்கய்யா அந்த சேகரு?"

அடுத்த டிசம்பர்

படம் வந்தது, ஓடியது. கேசட்டும் வந்தது. இந்தத் தடவை சேகர் ஏ பக்கம். நான் சாக்பீஸோடு பலகையின் முன்னால் நின்றிருந்தபோது அவரே மைசூர்பாகு டப்பாவோடு வந்தார். என் சொந்த அண்ணன் ஜெயித்து வந்ததுபோல இருந்தது. முதலிடம் உங்களுக்குத்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் கவுன்டர்மேல் குனிந்து, "இதோட பி பக்கத்தைக் கேட்டீங்களா?" என்றார். யாரோ புதுப் பையனாம். "இங்க யாரு சார் பி பக்கம் கேக்கறா?" என்றேன். அவர் முகம் ஒரு கணம் தெளிந்தது, உடனே வாடியது. இரண்டில் எது நிஜம் என்று எனக்குத் தெரியவில்லை.

"அதைக் கடையில மட்டும் போட்டுடாதீங்க சிஸ்டர். ரொம்ப நல்லா இருக்கு."

அவர் போனதும் பி பக்கத்தைத் திருப்பிப் போட்டு, கடைசிவரை நிறுத்தாமல் கேட்டேன். அவர் சொன்னது வாஸ்தவம். முதலிடத்து ஆணியில் அந்த டப்பாவையே தொங்கவிட்டேன், இரண்டாவது நூல் கட்டாமல். எந்தப் பக்கம் தெரிய வேண்டும் என்பதைக் காற்று பார்த்துக்கொள்ளட்டும்.

இத்தனை வருடம் பலகை எழுதியதில், சந்தேகமே இல்லாமல் எனக்குத் தெரிந்த இடம் ஒன்றே ஒன்றுதான், பத்தாவது.