பனியனில் அச்சடித்த துணிச்சல்

மஞ்சள் நிறப் பனியன். நெஞ்சுக்குக் குறுக்கே கறுப்பு எழுத்தில் ‘உயரம் துணிந்தவருக்கே’ என்று அச்சடித்திருக்கும். ஒரு மிளகுப் பருவத்தில், வாழவந்திக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் எஸ்டேட்டில் மரம் ஏறும் ஆண்களுக்கெல்லாம் அதைக் கொடுத்தார்கள். மற்றவர்கள் வேலைக்குப் போட்டுக் கிழித்துவிட்டார்கள். என் சித்தப்பா மட்டும் அதை மடித்து வைத்து, ஞாயிற்றுக்கிழமை ஏற்காட்டுக் கடைத்தெருவுக்குப் போகும்போது போட்டுக்கொள்வார். அவருக்குப் படிக்கத் தெரியாது. முதல் நாள் என்னிடம்தான் கொண்டுவந்து காட்டினார். நான் வாசித்தேன். இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார். “நமக்குன்னே எழுதியிருக்காங்க கண்ணு,” என்றார். எனக்கு அப்போதே ஏதோ உறுத்தியது. அதை எழுதியவர் எந்த மரமும் ஏறியிருக்க மாட்டார் என்று தோன்றியது.

சித்தப்பாவுக்கு அதற்கு முன்பே சொந்தமாக ஒரு வாசகம் இருந்தது. “வாழறது ஒருக்காத்தான்.” இரண்டாவது டீ குடிக்கும்போது சொல்வார். பஸ் கிளம்பிய பிறகு ஓடிப்போய் ஏறும்போதும் அதையே சொல்வார். நான் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தபோது, பெண்ணைச் சேலத்துக்கு அனுப்பிப் படிக்க வைப்பதா என்று அப்பா தயங்கினார். அன்றும் சித்தப்பா அதைத்தான் சொன்னார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்துக் கல்லூரிக்குள் கால் வைத்த முதல் ஆள் நான். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. அந்த ஒரு வார்த்தைதான் என்னைப் படிக்க வைத்தது என்று உறவினர்கள் இன்றும் பேசுகிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டு அவர் சும்மா இருக்கவில்லை. என்னோடு சேலத்துக்கு இறங்கி வந்து, கல்லூரி விடுதியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்து, தாழ்ப்பாள் சரியாக விழுகிறதா என்று கதவை இழுத்துப் பார்த்த பிறகுதான் மலையேறினார். ஒருமுறைதான் வாழ்க்கை என்று துள்ளுகிறவர் தாழ்ப்பாளை எதற்காகச் சோதிக்க வேண்டும்? வாய் ஒன்றைச் சொல்ல, கை வேறொன்றைச் செய்துகொண்டிருந்தது. பெயர் மட்டும் வாய்க்குப் போய்ச் சேர்ந்தது.

மிளகு பறிப்பதை அறியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் மிளகுக்கொடி சில்வர் ஓக் மரத்தைப் பற்றிக்கொண்டு உச்சிவரை போகும். ஒற்றை மூங்கிலால் செய்த ஏணியை மரத்தில் சாய்த்து ஒருவர் ஏறுவார். கீழே ஒருவர் ஏணியின் காலைப் பிடித்துக்கொண்டு நிற்பார். மேலே போனவர் முதல் வேலையாக ஏணியை மரத்தோடு சேர்த்துக் கயிற்றால் கட்ட வேண்டும். கட்டிவிட்டேன் என்று குரல் கொடுத்த பிறகுதான் கீழே நிற்பவர் கையை எடுக்கலாம். எடுத்துவிட்டு, உதிர்ந்து கிடக்கும் மிளகுச் சரங்களைப் பொறுக்கலாம். சித்தப்பாவுக்கு ஏணி பிடிப்பது சித்தி. கணவன் மனைவியாக ஏறுவதும் பிடிப்பதும், தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருக்கும் எங்கள் லயனில் வழக்கம். வேறு யாரையும் நம்பி அந்த உயரத்துக்குப் போக மனசு வராது.

நான் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தபோது சித்தப்பா விழுந்தார். கட்டிவிட்டுக் குரல் கொடுத்திருக்கிறார். சித்தி கையை எடுத்துவிட்டுக் குனிந்திருக்கிறாள். பக்கத்துக் கொடிக்கு அவர் எட்டிச் சாய்ந்த நேரம் கயிறு அறுந்து ஏணி புரண்டுவிட்டது. இடுப்பெலும்பு முறிந்தது. சேலத்து ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு அவர் என்னோடு லயன் வீட்டுக்குத் திரும்பிய அன்று, வேலையாட்களைக் கவனிக்கும் ரைட்டர் ஆரஞ்சுப் பழங்களோடு பார்க்க வந்தார். அவர் எதற்காக வந்தார் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். வேலையில் பட்ட அடி என்று எஸ்டேட் ஒப்புக்கொண்டால் வைத்தியம் தொடரும், உட்கார்ந்து பார்க்கிற வேலை கிடைக்கும், லயன் வீடும் நிலைக்கும். அவராக இழுத்துக்கொண்டது என்று முடிவானால் எதுவும் இல்லை. வேலை செய்யாதவருக்கு லயனில் வீடும் கிடையாது.

மரம் ஏறாத ரைட்டரும் தனக்கென ஒன்று எடுத்து வைத்திருந்தார் போலும், அன்று அதே மஞ்சள் பனியன் போட்டிருந்தார். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, “என்னப்பா, வீராப்புல கயித்தக் கட்டாம ஏறிட்டயாமா? முதலாளி கேக்கறாரு. நான் என்னன்னு சொல்றது?” என்றார்.

சித்தப்பா கூரையைப் பார்த்துக்கொண்டே, “தப்பு நம்ம மேலதானுங்க. வாழறது ஒருக்காத்தானுங்களே,” என்று சிரிக்கப் பார்த்தார்.

கயிறு கட்டியிருந்தது, நைந்துபோன கயிறு அது, நல்ல கயிறு கொடுக்க வேண்டியது எஸ்டேட்தான் என்று நான் பேச ஆரம்பித்தேன். ரைட்டர் கையை உயர்த்தினார். “காலேஜுப் புள்ள நாயம் பேசுது. இவன் எப்பேர்ப்பட்டவன்னு மலைக்கே தெரியும் சாமி. நெஞ்சுல எழுதி மாட்டிக்கிட்டுச் சுத்தறவனாச்சே!”

அவர்களே அச்சடித்துக் கொடுத்த வாசகம் இப்போது அவர்களுக்கே சாட்சியாகிவிட்டது. இன்றைக்கும் எந்த வாசகத்தைப் பார்த்தாலும் நான் முதலில் நினைப்பது அந்த நிமிடத்தைத்தான்.

அடுப்பருகே இருந்த சித்தி எழுந்து வந்தாள். “ஏனுங்க, நெஞ்சுல எழுதிக் குடுத்தது ஆருங்க? நீங்களுந்தான் மாட்டியிருக்கறீங்க. அந்தக் கயித்துல பாதி இன்னும் மரத்துலதான் தொங்குது. துணிஞ்சவருதான நீங்க, ஏறிப் பாத்துட்டு வாங்க.”

வாசலில் நின்ற யாரோ சிரித்துவிட்டார்கள். சித்தி நிறுத்தவில்லை. “இவரு உங்களக் கேக்கலீங்களா? களத்துல, நான் பக்கத்துல நிக்கறப்பத்தானுங்க கேட்டாரு. கயிறு நைஞ்சு போச்சுங்க, நொம்பப் பயமா இருக்குதுங்க, மேல போனாக் கால் நடுங்குதுங்கன்னாரு. அடுத்த வாரம் பாக்கலாம்னீங்க.”

ரைட்டர் கட்டிலைவிட்டு எழுந்து செருப்பை மாட்டினார். சித்தப்பா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

மறுநாள் காலையில், மரம் ஏறுகிறவர்களில் இரண்டு பேர் அந்த மரத்தில் ஏறி, தொங்கிக்கொண்டிருந்த பாதிக் கயிற்றை அவிழ்த்துவந்து ரைட்டரின் மேசைமேல் போட்டார்கள். அதற்குப் பிறகு எஸ்டேட் வாதாடவில்லை. வைத்தியம் நடந்தது. வீடு நிலைத்தது. மிளகு காயும் களத்தில் அவருக்கு ஒரு வேலையும் கிடைத்தது. ஆனால் சித்தப்பா வெகுநாள் சித்தியிடம் பேசவில்லை. இடுப்பு முறிந்ததைவிட, கால் நடுங்கியது ஊருக்குத் தெரிந்ததுதான் அவருக்குப் பெரிய அடி. வீட்டைக் காப்பாற்றியவள்மீது இப்படி ஒரு கோபமா என்று எனக்கு ஆத்திரமாக வரும். பிறகு மெல்லப் புரிந்தது. பயந்தவர் என்ற பெயரோடு அந்த வீட்டில் இருப்பதைவிட, துணிந்து விழுந்தவர் என்ற பெயரோடு அதைவிட்டு வெளியேறவே அவர் அன்று தயாராக இருந்தார்.

இப்போது சேலத்தில் ஒரு பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். தினமும் காலையில் ஒரு பிள்ளை கரும்பலகையில் ஒரு வாழ்க்கை வாசகம் எழுத வேண்டும் என்பது அங்கே ஏற்பாடு. துணிந்து இறங்கு, கனவைத் துரத்து, இன்றைக்காக வாழ். பிள்ளைகள் அழகாக எழுதுகிறார்கள். நான் அழிப்பதில்லை. இதை யார் யாருக்குச் சொல்கிறார்கள் என்று மட்டும் கேட்பேன். சொல்கிறவர் எங்கே நிற்கிறார், கேட்கிறவர் எங்கே நிற்கிறார்? இந்த வாசகங்கள் நல்வழி காட்டுகின்றனவா, கெடுக்கின்றனவா என்று ஒரேயடியாக என்னால் தீர்ப்புச் சொல்ல முடியவில்லை. தரையில் நிற்பவருக்கு அவை தெம்பு தரலாம். உயரத்தில் இருப்பவரிடம் அவை முதலில் பறித்துக்கொள்வது, எனக்குப் பயமாக இருக்கிறது என்று சொல்லும் உரிமையைத்தான். பயம்தான் அன்று அவரைக் கயிறு கேட்க வைத்தது. அவர் செய்தவற்றிலேயே புத்திசாலித்தனமான காரியம் அதுதான். அதைத்தான் அவர் மறைக்க நினைத்தார்.

போன ஞாயிற்றுக்கிழமை மலைக்குப் போயிருந்தேன். சித்தப்பா லயன் வாசலில் வெயிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். இதையெல்லாம் எழுதப்போகிறேன் என்றேன். “எழுது கண்ணு,” என்றார். “நீங்க பயந்தீங்கன்னு எழுதட்டுங்களா சித்தப்பா?” என்று கேட்டேன். அவர் முழங்காலைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். அந்தப் பேச்சு எங்களுக்குள் வந்ததே அதுதான் முதல் தடவை.

“ஆமா கண்ணு,” என்றார் தாழ்ந்த குரலில். “பயமாத்தான் இருந்துச்சு.”

உள்ளே பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது. “என்னமோ சொன்னாப்புல இருந்துச்சு. காதுல உழுகலீங்களே,” என்றாள் சித்தி.

சித்தப்பா என்னைப் பார்த்தார். பிறகு கழுத்தைத் திருப்பி, கதவைப் பார்த்துக் கத்தினார்: “பயமா இருந்துச்சுன்னு சொன்னேன்டீ!”

பக்கத்து வீடுகளில் இருந்தவர்கள் என்னவோ ஏதோ என்று வெளியே எட்டிப் பார்த்தார்கள். அவர் குனியவில்லை. எல்லோரும் பார்த்து முடிக்கும்வரை நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தார்.