புயலின் மறுபாதி

பிலிப்பைன்ஸில் நான் சாப்பிட்ட முதல் சாப்பாடு மீன் குழம்பு மாதிரி இருந்தது. ஆனால் மீன் குழம்பு இல்லை. புளி இருந்தது, தக்காளி இருந்தது, முள்ளங்கியும் வெண்டைக்காயும் ஏதோ ஒரு கீரையும் மிதந்தன. மிளகாய்த்தூள் மட்டும் இல்லை. ஒரு வாய் வைத்ததும் பல் கூசியது.

“எப்படிம்மா இருக்கு?” என்றாள் மகள்.

“கொழம்பு வைக்கும்போது பாதியில எழுந்து போயிட்டாங்களா?” என்றேன்.

அவள் அதை அப்படியே ஆங்கிலத்தில், சமைத்துக் கொடுத்த வீட்டுக்காரம்மாவிடம் சொல்லிவிட்டாள். எனக்கு மானம் போயிற்று. அவரோ விழுந்து விழுந்து சிரித்தார். அன்றிலிருந்து எனக்கு மட்டும் அந்தப் புளிச்சாறோடு ஒரு பச்சை மிளகாயும் வந்தது.

மகள் அங்கே மருத்துவம் படிக்கிறாள். பெரம்பலூரிலிருந்தும் அரியலூரிலிருந்தும் அப்படிப் போகிற பிள்ளைகள் இப்போது நிறைய. நான் கணக்கு டீச்சர். அரையாண்டு விடுமுறையோடு கொஞ்சம் லீவு சேர்த்து அவளைப் பார்க்கப் போயிருந்தேன். என் கணவருக்குப் பெரம்பலூரில், துறையூர் ரோட்டில் டிராக்டர் உதிரிபாகக் கடை, அவர் வரவில்லை.

மகள் குடியிருந்தது கடலோர நகரம் ஒன்றில், மாடி அறையில். கீழே வீட்டுக்காரம்மாவின் சின்னச் சாப்பாட்டுக்கடை. என் வயதுதான் இருக்கும் அவருக்கு. கணவர் கப்பலில் வேலை செய்தார். என்னை ‘ஆத்தே’ என்று கூப்பிடுவார். அவர்கள் பாஷையில் அக்கா என்று அர்த்தமாம். எங்கள் ஊரில் பயந்தால்தான் ‘ஆத்தே’ என்போம். அதனால் அவர் கூப்பிடும்போதெல்லாம் ஒரு நிமிஷம் திடுக்கென்று இருக்கும்.

புயல் வருகிறது என்று செய்தி வந்ததும் தெருவே கூரைமேல் ஏறிவிட்டது. தகரத்தைக் கயிறு போட்டுக் கட்டினார்கள். வீட்டுக்காரம்மா ஒரு பெரிய பாத்திரம் நிறையக் கோழியை வினிகரும் பூண்டும் மிளகும் போட்டு வேகவைத்தார். கரண்ட் போனாலும் அது கெடாது என்றார். எனக்குப் புயல் பழக்கமில்லை. எங்கள் பக்கம் காற்று என்றால் கார்த்திகையில் மக்காச்சோளத்தைச் சாய்த்துவிட்டுப் போகும், அவ்வளவுதான். புயல் எல்லாம் நாகப்பட்டினத்துக்காரர்கள் பாடு என்று இருந்தவள் நான்.

மறுநாள் காலையில் மகளுக்கு ஒரு போன் வந்தது. அரியலூர் பக்கம் மீன்சுருட்டியிலிருந்து வந்து முதல் வருஷம் படிக்கும் பெண். கடலுக்குப் பக்கத்து விடுதியில் தனியாக இருந்தாள். கூட இருந்தவர்கள் லீவுக்கு ஊர் போய்விட்டார்கள். போனில் அழுகை மட்டும்தான் கேட்டது.

மகள் செருப்பை மாட்டினாள்.

“ஏன்டி, அங்க வார்டன் இருப்பாங்கல்ல? நீ ஏன் போவணும்?”

“அவளும் நம்ம ஊர்ப்புள்ளதானம்மா. புயல் சாயங்காலம்தான் வருதாம். அதுக்குள்ள கூட்டிட்டு வந்துடுறேன்.”

புயல் சாயங்காலம் வரவில்லை. அவள் போய்க் கொஞ்ச நேரத்திலேயே வானம் கறுத்து இறங்கியது. “வந்து சேர்ந்துட்டேன், இங்கயே இருக்கோம்” என்று ஒரு குறுஞ்செய்தி வந்தது. பிறகு போனில் டவர் இல்லை.

வீட்டுக்காரம்மா என்னைக் கீழே சமையலறைக்குக் கூட்டிப்போனார். வீட்டில் சிமெண்டில் கட்டியிருந்தது அந்தப் பகுதி மட்டும்தான். மழை மேலிருந்து விழவில்லை. சன்னல் இடுக்கு வழியாகப் பக்கவாட்டில் பீறிட்டு அடித்தது. காற்று முதலில் ஊளையிட்டது, பிறகு உறுமியது. காது அடைத்து வலித்தது. வெளியே எதுவோ உடைகிறது, எதுவோ உருள்கிறது. என்னவென்று தெரியாதது இன்னும் பயமாக இருந்தது. நான் கந்த சஷ்டியைச் சொல்ல ஆரம்பித்து, எந்த வரியில் இருக்கிறேன் என்று தெரியாமல் திரும்பத் திரும்ப முதலிலிருந்து சொன்னேன். அவர் ஜெபமாலையைப் பிடித்துக்கொண்டு கதவுமேல் முதுகை முட்டுக்கொடுத்து உட்கார்ந்திருந்தார்.

அப்புறம் திடீரென்று எல்லாம் நின்றது.

யாரோ கை வைத்து அமுக்கியது போல நின்றது. கதவைத் திறந்தால் வெயில். தலைக்கு மேலே நீல வானம். எதிர்வீட்டுக் கூரை எங்கள் வாசலில் கிடந்தது.

“முடிஞ்சிடுச்சு,” என்று தமிழிலேயே சொல்லிவிட்டு வாசலுக்கு ஓடினேன்.

வீட்டுக்காரம்மா பின்னாலேயே வந்தார். தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், “முடியலை ஆத்தே. பாதிதான். நாம இப்ப புயலோட நடுவுல இருக்கோம்” என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த விடுதியிலும் இப்போது வெயில் அடிக்கும். என் மகளும் கதவைத் திறந்து பார்ப்பாள். அம்மா புது ஊரில் தனியாக இருக்கிறாளே என்று நினைப்பாள். அவள் சும்மா இருக்க மாட்டாள், கிளம்பிவிடுவாள். பெற்றவளுக்குத் தெரியாதா?

நான் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டேன். மின்கம்பிகள் அறுந்து தொங்கின. தென்னை மரம் ஒன்று ஒரு கார்மேல் படுத்திருந்தது. தெருமுனைக்கு வந்தபோது வீட்டுக்காரம்மா என் முழங்கையைப் பிடித்தார். இழுக்கவில்லை. கையை நீட்டிக் கடல் பக்கம் காட்டினார். நீல வானத்தின் ஓரத்தில் மேகம் சுவர் வைத்தது போல நின்றுகொண்டிருந்தது. அது கிட்டே வருவது கண்ணுக்கே தெரிந்தது.

“என் மகள் வருவாள். எனக்குத் தெரியும்” என்றேன். என் ஆங்கிலம் அழுகையில் குழறியது.

“வரட்டும். வந்து பார்க்கும்போது நீ வீட்டில் இல்லையென்றால்? மறுபடியும் உன்னைத் தேடிப் போவாள் இல்லையா?”

திரும்பினேன். ஆனால் ஒவ்வொரு அடிக்கும் நின்று நின்று பின்னால் பார்த்துக்கொண்டே வந்தேன். கதவைச் சாத்தும்போது தெரு காலியாக இருந்தது.

மறுபாதி எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தது. முதல்பாதியில் தாங்கி நின்றதெல்லாம் இப்போது போயிற்று. கடையின் இரும்பு ஷட்டர் காகிதம் மாதிரி மடங்கியது. மாடியில் என் மகளின் அறைக்கூரை பிய்ந்து போகிற சத்தம் கேட்டது. படிக்கட்டு வழியாகத் தண்ணீரோடு அவள் பாடப்புத்தகங்கள் வழிந்து வந்தன. தரையில் கணுக்கால் அளவு இருந்த தண்ணீர் முழங்காலுக்கு ஏறியது. வீட்டுக்காரம்மா அதை விரலில் தொட்டு நக்கிப் பார்த்தார். நானும் விரலை நனைத்து வாயில் வைத்தேன். உப்பு. கடல் வந்துவிட்டது.

இருவரும் அடுப்பு மேடையில் ஏறிக் காலை மடக்கி உட்கார்ந்தோம். அவர் மடியில் கோழிப் பாத்திரம். ஒரு தட்டில் ஆறிய சோறும் கோழியும் வைத்து என்னிடம் நீட்டினார்.

“சாப்பிடு.”

“இப்பவா?”

“இப்பதான். அப்புறம் நம்மால் முடியுமோ என்னவோ.”

சாப்பிட்டேன். மகள் எங்கே இருக்கிறாளோ, நான் சோறு தின்றுகொண்டிருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டே சாப்பிட்டேன். வினிகரின் புளிப்பு, பூண்டு, வாயில் தட்டுப்பட்ட முழு மிளகு. அதைப் போல ருசியாக வேறெதுவும் சாப்பிட்டதில்லை என்று இப்போது சொன்னால் என் மாமியார் வீட்டில் கோபித்துக்கொள்வார்கள். ஆனால் அதுதான் உண்மை.

காற்று மெல்ல மெல்லத்தான் அடங்கியது. தண்ணீர் வடியத் தொடங்கியபோது நாங்கள் கதவை இடித்துத் திறந்து வெளியே வந்தோம். இன்னும் வெளிச்சம் இருந்தது. விடுதிப் பக்கம் நடக்கத் தொடங்கினேன். இந்த முறை வீட்டுக்காரம்மா தடுக்கவில்லை, கூடவே நடந்தார். பாதி வழியில், விழுந்து கிடந்த மரங்களுக்குள் குனிந்து குனிந்து இரண்டு பெண்கள் வந்துகொண்டிருந்தார்கள். முகமெல்லாம் வெள்ளையாக இருந்ததால் முதலில் யாரோ என்று நினைத்தேன். மாவு.

மகள் என்னைப் பார்த்ததும், “அம்மா!” என்றாள். நான் கையை ஓங்கிவிட்டேன்.

“நடுவுல கெளம்புனியா? சொல்லுடி, கெளம்புனியா?”

“நின்னுடுச்சுன்னு நெனச்சேம்மா. நீ தனியா இருப்பியேன்னுதான்.”

பக்கத்திலிருந்த சின்னப்பெண் ஓவென்று அழுதாள். “ஆன்ட்டி, என்னாலதான் ஆன்ட்டி. அக்காவத் திட்டாதீங்க.”

ஓங்கிய கையால் இருவரையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். காற்று திரும்பியபோது அவர்கள் நடுத்தெருவில் இருந்திருக்கிறார்கள். ஒரு பேக்கரிக்காரர் ஷட்டரைப் பாதி தூக்கி, காலைப் பிடித்து உள்ளே இழுத்துப் போட்டாராம். ரொட்டி அடுப்பின் கட்டடம் மட்டும் உறுதியாக இருந்ததால் அதன் ஓரத்தில், மாவு மூட்டைகளுக்கு நடுவே பதுங்கியிருக்கிறார்கள். அடுப்பு இன்னும் சூடாக இருந்தது என்று மகள் திரும்பத் திரும்பச் சொன்னாள். அவள் உள்ளங்கால் தகரம் கிழித்து ரத்தம் கசிந்துகொண்டிருந்தது.

அடுத்து வந்த நாட்களில் கரண்டும் இல்லை, போனும் இல்லை. விழுந்த மரங்களை வெட்டித் தெருவிலேயே அடுப்பு மூட்டினோம். முறிந்து கிடந்த புளியமரத்திலிருந்து வீட்டுக்காரம்மா காய்களைப் பறித்து வேகவைத்து, கிடைத்த மீனைப் போட்டு, தெருவுக்கே அந்தச் சாறு வைத்தார். நான் முள்ளங்கி நறுக்கினேன். பிய்ந்துபோன மாடிக்கூரைப் பக்கம் அவர் திரும்பவே இல்லை. ஒருமுறை மட்டும், கழுவிய பாத்திரங்களைக் கவிழ்த்து வைக்கும்போது தோள் குலுங்கியது. நான் பக்கத்தில் போய் நின்றேன். மீதிப் பாத்திரங்களைக் கழுவினேன்.

ஒரு மேட்டில் ஏறினால் டவர் கிடைக்கிறது என்று கேள்விப்பட்டு மூவரும் போனோம். மணி அடித்த உடனேயே என் கணவர் எடுத்தார்.

“நல்லாருக்கோம். மூணு பேரும் நல்லாருக்கோம்” என்றேன்.

அந்தப் பக்கம் டிவி சத்தத்தைக் குறைப்பது கேட்டது.

“மீன்சுருட்டிப் புள்ளயும் கூட இருக்காளா?” என்றார். “அவங்கப்பா நம்ம வூட்லதான் இருக்காரு. டிவி முன்னாடியே உக்காந்திருக்காரு, ஒண்ணும் சாப்பிட மாட்டேங்குறாரு. மொதல்ல அந்தப் புள்ளய அவர்ட்ட பேசச் சொல்லு. நம்ம அப்புறம் பேசிக்கலாம்.”

அந்த மனிதரை என் கணவருக்கு அதற்குமுன் தெரியாது. மகள் அடிக்கடி சொல்லும் அக்காவின் அப்பா டிராக்டர் உதிரிபாகக் கடை வைத்திருக்கிறார் என்பது மட்டும் தெரிந்து, பஸ் பிடித்து வந்து, விசாரித்து விசாரித்துக் கடையைக் கண்டுபிடித்தாராம். நான் போனைச் சின்னப்பெண்ணிடம் கொடுத்தேன். அவள், “அப்பா” என்றதும் அந்தப் பக்கம் ஒரு ஆண் அழுகிற சத்தம் எனக்கே கேட்டது.

பிறகு எங்கள் முறை வந்தபோது என் கணவர், “ரெண்டு பேரையும் கூட்டிட்டு வந்துடு. படிச்சது போதும்” என்றார். மகள் போனை வாங்கி, “வார்டுல ஆளு இல்லப்பா. காயத்தோட ஜனங்க வந்துகிட்டே இருக்காங்க. நான் வரலை” என்றாள். அவர் கத்தினார். அவளும் கத்தினாள். டவர் போய்விட்டது.

விமான நிலையம் திறந்ததும் நானும் மீன்சுருட்டிப் பெண்ணும் ஊர் திரும்பினோம். வீட்டுக்காரம்மா வழியில் சாப்பிடச் சோறு கட்டிக் கொடுத்தார். மகள் பாதத்தில் கட்டோடு நொண்டி நொண்டி வாசல்வரை வந்தாள். அன்றைக்கும் அவளுக்கு ஆஸ்பத்திரி டியூட்டி இருந்தது. எங்கள் வண்டி கிளம்புவதற்கு முன்பே திரும்பி நடந்துவிட்டாள்.